அமு தரியாவின் வடகரையில்

2025 அக்டோபர், செவ்வாய், தாஷ்கண்ட்

டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. விமானத்தில் பாதிப் பேர் நம் நாட்டுக்காரர்கள், சுற்றுலாக் குழுக்களும் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளும். எல்லோர் வாயிலும் சமர்கண்ட், புகாரா. நான் தெர்மேஸ் போகிறேன் என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் "அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

உஸ்பெகிஸ்தானின் தென்கோடியில் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே அமு தரியா ஓடுகிறது, அக்கரை ஆப்கானிஸ்தான். 1989 பிப்ரவரி 15 அன்று சோவியத் படைகளின் தளபதி கிரோமோவ் இந்த ஊர்ப் பாலத்தைத்தான் நடந்து கடந்து, ஒன்பது வருடப் போர் முடிந்துவிட்டது என்று உலகத்துக்குக் காட்டினார். 2021இல் அமெரிக்கா காபூலை விட்டுக் கிளம்பியபோது ஆப்கன் விமானப் படையின் ஒரு பகுதி தப்பிப் பறந்து வந்ததும் இதே ஊருக்குத்தான். கிளம்பிப் போன படைகளைப் பற்றி எழுதியது ஏராளமாக இருக்கிறது, மாஸ்கோவில் யார் முடிவெடுத்தார், வாஷிங்டனில் யார் சொதப்பினார் என்று. அவர்கள் போன பிறகு பக்கத்து நாட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும். அன்றன்றைக்கு எழுதுவதை அப்படியே போடுகிறேன்.

சாயங்காலம் சாஸ்திரி சிலைக்குப் போனேன். 1966 ஜனவரி 10ஆம் தேதி பாகிஸ்தானோடு இங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், மறுநாள் அதிகாலை இங்கேயே இறந்துபோனார். யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். 

தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் எண்பதுகளில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் லாரி ஓட்டிய சோவியத் சிப்பாய். பேச்சு முழுக்க அலைபேசி மொழிபெயர்ப்பு வழியாகத்தான். ஆப்கானிஸ்தானின் வடக்கில் உஸ்பெக்குகளும் தாஜிக்குகளும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள், எனவே மொழி தெரிந்தவர்கள் வேண்டும் என்று மத்திய ஆசியப் பிள்ளைகளைத்தான் முதலில் அனுப்பினார்கள். 1979 டிசம்பர் 27 அன்று காபூலின் தாஜ்பெக் அரண்மனையைத் தாக்கி அதிபர் அமீனைக் கொன்ற படையில் 'முஸ்லிம் பட்டாலியன்' என்று ஒன்று இருந்தது, இந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள சிர்ச்சிக்கில் திரட்டியது. உஸ்பெகிஸ்தானிலிருந்து போனவர்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பெட்டியில் திரும்பினார்கள். "அக்கரையில் என் பாட்டி பேசுகிற மாதிரியே பேசினார்கள்" என்றார் அவர். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டீயை நிரப்பிவிட்டுப் பேச்சை என் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டார்.

புதன், சமர்கண்ட்

அஃப்ரோசியோப் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ரெகிஸ்தான் சதுக்கத்தின் அழகைப் பற்றி நான் சொல்லிப் புதிதாக எதுவும் ஆகப்போவதில்லை. மத்தியானம் முழுவதும் தெர்மேஸுக்கு வண்டி தேடுவதிலேயே போனது. கடைசியில் ஒரு ஓட்டுநர் அமைந்தார், தெர்மேஸ்காரர், ஊருக்குத் திரும்புகிறவர். நாளை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.

வியாழன், சாலையில்

நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஷக்ரிசாப்ஸ் தாண்டும் வரை மலை, அப்புறம் பருத்திக் காடு, அப்புறம் மறுபடி செம்மண் மலை. பருத்தி பறிப்பு முடிகிற நேரம், செடியெல்லாம் மொட்டையாக நிற்கிறது.

குசாருக்குப் பக்கத்தில் சாலை பிரிகிறது. மேற்கே போனால் கார்ஷி, அங்கேதான் கார்ஷி-கானாபாத் விமானத் தளம். 2001இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபோது அதை அவர்களுக்குக் கொடுத்தார்கள். 2005இல் அந்திஜான் நகரில் உஸ்பெக் அரசு மக்களைச் சுட்டது, அமெரிக்கா கண்டித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் தளத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆனால் போரோடு தொடர்பு அறுந்துவிடவில்லை. தெர்மேஸ் விமான நிலையத்தில் ஜெர்மன் படை 2015 வரை இருந்தது. 2009க்குப் பிறகு நேட்டோவின் சரக்குகள் ஐரோப்பாவிலிருந்து ரயிலில் வந்து தெர்மேஸ் வழியாக அக்கரை போயின. 2011 நவம்பரில் சலாலாவில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்து, பாகிஸ்தான் தன் சாலைகளை ஏழு மாதம் மூடியபோது இந்த வடக்குப் பாதைதான் அந்தப் போருக்குச் சோறு போட்டது. எங்கள் ஓட்டுநர் அப்போது சரக்கு முனையத்தில் வேலை பார்த்தாராம். நல்ல சம்பளம் என்றார். போர் முடிந்தால் வேலை போகும் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும் என்றும் சொன்னார்.

தெர்பெண்ட் கணவாய்க்குப் பிறகு சுர்கான்தரியா மாகாணம். எல்லையில் ஒரு சோதனைச் சாவடி, பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பக்கத்தில் ஒரு கடையில் தந்தூர் அடுப்பில் சுட்ட ஆட்டுக்கறி, ரொட்டி, பச்சை டீ. கறியைக் கையால் பிய்க்க முடிகிறது, அவ்வளவு பதம்.

சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுநர் கிழக்கே கையைக் காட்டி, அந்தப் பக்கம் தன் மாமியார் ஊர் என்றார். சாரியாசியா வட்டாரம், தாஜிகிஸ்தான் எல்லை. 2000ஆம் ஆண்டு அங்கே ஆயுதக் குழு புகுந்தது, உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கம். ராணுவம் வந்து மலைக் கிராமங்களைக் காலி செய்தது, அந்த மக்களைச் சமவெளியில் கொண்டுபோய் இறக்கியது, மலை எல்லை முழுக்கக் கண்ணிவெடி புதைத்தது. ஆடு மேய்க்கப் போனவர்களும் விறகு பொறுக்கப் போனவர்களும் கால் இழந்தார்கள், செத்தார்கள். அந்தக் கண்ணிகளை எடுக்க ஆரம்பித்தது 2018இல்தான்.

இதற்கும் 1989க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரான சம்பந்தம் இருக்கிறது. சோவியத் படை போன பிறகும் காபூலில் அவர்கள் ஆதரித்த நஜிபுல்லா அரசு மூன்று வருடம் தாக்குப்பிடித்தது, மாஸ்கோவின் பணமும் எண்ணெயும் வந்தவரை. 1991 கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது, பணம் நின்றது, வடக்கைக் காத்துவந்த உஸ்பெக் தளபதி தோஸ்தும் கட்சி மாறினார், 1992 ஏப்ரலில் காபூல் விழுந்தது. அதற்கடுத்த மாதமே தாஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர். பல்லாயிரம் தாஜிக்குகள் ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்குள் அகதியாக ஓடினார்கள், ஆப்கானிஸ்தானுக்குள் அகதியாக! ஆயுதம் எதிர்த்திசையில் வந்தது. தோற்ற குழுக்களுக்கு அக்கரையில் பயிற்சி கிடைத்தது. 1999 பிப்ரவரியில் தாஷ்கண்டில் குண்டுகள் வெடித்தன, அதைச் சாக்காக வைத்து அரசு தாடி வைத்தவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்டது. அதற்குப் பிறகு இந்த மலைக் கிராமங்கள். பாலத்தைத் தாண்டி வந்த படைக்குப் போர் முடிந்த தேதி ஒன்று இருக்கிறது. ஓட்டுநரின் மாமியாருக்கு அந்தத் தேதி எது?

இரவு எட்டுக்குத் தெர்மேஸ். அக்டோபர் கடைசியிலும் சட்டையோடு வெளியே உட்கார முடிகிற வெப்பம்.

வெள்ளி, தெர்மேஸ்

காலையில் ஹக்கீம் அத்-தெர்மெஸி தர்கா. ஒன்பதாம் நூற்றாண்டு சூஃபி அறிஞர். வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம், புதுமணத் தம்பதிகள், கைக்குழந்தைகள், ரோஜாத் தோட்டம். தோட்டத்தின் விளிம்பில் நின்றால் முள்வேலி தெரிகிறது, அதற்கு அப்பால் நாணல், அதற்கு அப்பால் பழுப்பு நிறத்தில் ஆறு, பிறகு ஆப்கானிஸ்தான். ஆப்கன் எல்லை சுமார் 140 கிலோமீட்டர்தான், ஆனால் முழு நீளத்துக்கும் மின்வேலி. ஆற்றுப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள் என்று காவலர் மரியாதையாகச் சொன்னார், அதனால் படம் இல்லை.

அங்கிருந்து ஃபயாஸ் தெப்பா, குஷாணர் காலத்துப் பௌத்த மடம். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோதும் இந்த ஊரில் பத்து விகாரைகளும் ஆயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். புத்தம் இந்தியாவிலிருந்து ஆப்கானிஸ்தானின் பால்க் வழியாக இந்த ஆற்றைக் கடந்துதான் வடக்கே போனது. இரண்டு கரைக்கும் ஒரே ஊர் என்று வாழ்ந்த காலம்தான் நீளம், வேலி போட்ட காலம் அதில் ஒரு துளி. இதை இங்கே நின்று பார்த்தால்தான் உறைக்கிறது.

பாலத்துக்குக் கிட்டே போக விடமாட்டார்கள். ஊரிலிருந்து கிழக்கே போகிற சாலையிலிருந்து தள்ளிப் பார்க்கலாம், இரும்புச் சட்டங்கள், 816 மீட்டர், ரயிலும் லாரியும் போகிற பாலம். 1979 டிசம்பரில் படை உள்ளே போனபோது இது கிடையாது, மிதவைப் பாலம் போட்டுத்தான் போனார்கள். போருக்குச் சாமான் அனுப்புவதற்காக 1982இல் கட்டி 'நட்புப் பாலம்' என்று பெயர் வைத்தார்கள். 1997இல் தாலிபான் அக்கரையின் பெரிய ஊரான மசார்-இ-ஷரீஃபுக்குள் வந்ததும் இந்தப் பக்கத்துக்காரர்கள் பாலத்தை மூடினார்கள். 2001 டிசம்பரில்தான் திறந்தது.

பாலம் தெரிகிற சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் 2021 ஆகஸ்ட் பற்றிக் கேட்டேன். ஓட்டுநர் ரஷ்ய மொழியிலும் சைகையிலும் எனக்குப் புரியவைத்தார். ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, மசார் விழுந்த இரவு. அக்கரையில் ஹைரதான் பக்கம் பாலத்தில் வண்டி விளக்குகள் வரிசையாக நின்றனவாம். தோஸ்தும், பால்க்கின் பழைய ஆளுநர் அத்தா நூர், அவர்களுடைய ஆட்கள், ராணுவ வண்டிகள். பெரியவர்களை உள்ளே விட்டார்கள், மற்ற வண்டிகள் பாலத்திலேயே கிடந்தன. பிறகு வானத்தில் சத்தம். உஸ்பெக் அரசு வழக்கறிஞர் அலுவலகம் பின்னர் சொன்ன கணக்கு, இரண்டு நாளில் 46 விமானங்களும் ஹெலிகாப்டர்களும், அவற்றில் 585 ஆப்கன் வீரர்கள். டீக்கடைக்காரருக்குக் கணக்கு தெரியாது, பிள்ளைகள் தூங்கவில்லை என்பது தெரியும். வந்த விமானிகளை முகாமில் வைத்திருந்து அடுத்த மாதம் அமெரிக்கர்களிடம் அனுப்பினார்கள், அவர்களைத் திருப்பிக் கொடு என்று தாலிபான் கேட்டபடியே இருந்தது.

பக்கத்து நாடு என்ன செய்ய முடியும்? உள்ளே விட்டால் நாளைக்கு அக்கரையில் ஆளப்போகிறவனுக்குப் பகை, விடாவிட்டால் பாவம். 1988 ஏப்ரல் ஜெனீவா ஒப்பந்தத்தில் காபூலும் இஸ்லாமாபாத்தும் கையெழுத்திட்டன, மாஸ்கோவும் வாஷிங்டனும் ஜாமீன், சண்டை போட்டுக்கொண்டிருந்த முஜாகிதீன்கள் அங்கே இல்லை. 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் தாலிபானும், காபூல் அரசே அங்கே இல்லை. இரண்டு மேஜையிலும் இந்த ஊருக்கு நாற்காலி கிடையாது. போவது எப்படி என்று பேசினார்கள், போன பிறகு ஆறு யாருடையது, மின்சாரக் கம்பி யாருடையது, ஓடி வருகிறவனை யார் வைத்துக்கொள்வது என்று பேசவில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

2022 ஜூலையில் அக்கரையிலிருந்து ஐந்து ராக்கெட்டுகள் இந்த ஊரில் விழுந்தன. நல்ல வேளை, ஒன்றும் வெடிக்கவில்லை. சில வீடுகளுக்குச் சேதம். டீக்கடைக்காரரின் தங்கை வீடு அந்தத் தெருவில்தான்.

சனி, அய்ரிதோம் சந்தை

1932இல் எல்லைக் காவலர்கள் பாலம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் ஒரு சிற்பப் பலகையைக் கண்டெடுத்தார்கள், இசைக்கலைஞர்களின் உருவம் செதுக்கிய குஷாணர் காலத்துச் சுண்ணாம்புக் கல். இப்போது செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இடத்தின் பெயரைத்தான் புதுச் சந்தைக்கு வைத்திருக்கிறார்கள். 2024இல் திறந்த சர்வதேச வர்த்தக மையம், கடைகள், கிடங்குகள், விடுதி. ஆப்கன் குடிமக்கள் பாலத்தைத் தாண்டி விசா இல்லாமல் வந்து 15 நாள் வரை இந்த வளாகத்துக்குள் தங்கலாம், ஊருக்குள் போகக் கூடாது. எங்களையும் பாஸ்போர்ட் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே உஸ்பெக் மாவு மூட்டை, சமையல் எண்ணெய், சிமெண்ட், கம்பளம், உலர்பழம், ஃப்ரிட்ஜ், பிளாஸ்டிக் குழாய். நீளக் குர்தாவும் தலைப்பாகையுமாக வியாபாரிகள். ஒருவர் என்னைப் பார்த்ததும் உருதுவில் "ஹிந்துஸ்தானா?" என்று பேச ஆரம்பித்துவிட்டார். டெல்லியில் வேலை பார்த்த காலத்து இந்தி எனக்குக் கைகொடுத்தது. மசார்காரர், பிறந்தது பாகிஸ்தானின் பெஷாவர் அகதி முகாமில், பெற்றோர் சோவியத் காலத்தில் ஓடிப்போனவர்கள். 2002இல் ஊர் திரும்பிக் கடை போட்டார்.

அவருடைய வியாபாரத்தைக் கேட்டால் இந்தப் பகுதியின் வரைபடமே கிடைக்கிறது. மருந்தும் துணியும் கராச்சியிலிருந்து டோர்க்கம் எல்லைச் சாவடி வழியாக வரும். இந்த மாதம் ஆப்கன் தாலிபானும் பாகிஸ்தான் ராணுவமும் எல்லையில் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டன, பாதை மூடிவிட்டது, 19ஆம் தேதி தோஹாவில் சண்டை நிறுத்தம் பேசிய பிறகும் லாரிகள் நிற்கின்றன. இவருடைய இரண்டு லாரிகள் அந்தப் பக்கம், ஒன்றில் அழுகும் சரக்கு. எனவே இப்போது எல்லாவற்றையும் வடக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்.

தாலிபான் வென்றபோது கொண்டாடிய பாகிஸ்தானுக்கே இன்று அந்த வெற்றி எப்படித் திரும்பியிருக்கிறது பாருங்கள். அமெரிக்கா போனால் காபூலில் தன் ஆட்கள், இந்தியாவுக்கு இடமில்லை என்று கணக்குப் போட்டார்கள். பாகிஸ்தான் அரசையே எதிர்க்கிற பாகிஸ்தான் தாலிபானின் தாக்குதல் 2021க்குப் பிறகு ஏறிக்கொண்டே போனது. 2023 நவம்பரில் ஆவணமில்லாத ஆப்கன்களை வெளியேற்ற ஆரம்பித்தார்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் சேர்த்து. வியாபாரியின் அக்கா குடும்பம் அப்படி மூட்டை கட்டி வந்ததுதான். ஈரானிலிருந்தும் இந்த ஆண்டு கூட்டம் கூட்டமாகத் துரத்திவிட்டார்கள். இந்த மாதம் தாலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்கு வந்து போனார், காபூலில் தூதரகத்தை மறுபடி திறக்கிறோம் என்று நம் அரசு அறிவித்தது. நான்கு வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா?

நம் நாட்டுக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. புலே கும்ரியிலிருந்து காபூலுக்கு ஹிந்துகுஷ் மலை மேல் மின்கம்பி இழுத்தது நம் பவர் கிரிட் நிறுவனம். 2009இல் அந்தக் கம்பி வழியாக உஸ்பெக் மின்சாரம் காபூல் போய்ச் சேர்ந்தது. ஆட்சி மாறியும் கம்பியும் மின்சாரமும் அப்படியே இருக்கின்றன. 2023 ஜனவரிக் கடுங்குளிரில் இங்கேயே மின்சாரம் தட்டுப்பட்டு, அனுப்புவது பாதிக்கும் கீழே போனபோது காபூல் இருட்டில் நடுங்கியது.

தாஷ்கண்ட் தாலிபானோடு பேச ஆரம்பித்தது அமெரிக்கா போவதற்கு வெகு முன்பே. 2024 ஆகஸ்டில் பிரதமர் அரிபோவ் காபூல் போய் 250 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தங்கள் போட்டுவிட்டு வந்தார். இந்த ஜூலையில் தெர்மேஸிலிருந்து காபூல் பக்கமாகப் பாகிஸ்தான் வரை ரயில் பாதை போடுவதற்கான ஆய்வுக்கு மூன்று நாடுகள் கையெழுத்திட்டன. கடலே இல்லாத, அண்டை நாடுகளுக்கும் கடல் இல்லாத ஒரு நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய கனவு என்பது புரிகிறது. மூன்று மாதத்தில் பாதையின் தெற்கு முனையில் பீரங்கி பேசிவிட்டது.

வியாபாரிக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள், ஏன் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. போன தடவை அவளை இங்கே கூட்டி வந்தாராம், சந்தையைச் சுற்றிக் காட்ட. தெர்மேஸில் ஆப்கன் பிள்ளைகளுக்கென்று 2018இல் தொடங்கிய கல்வி மையம் இருப்பதை எப்படியோ தெரிந்து வைத்திருந்திருக்கிறாள், இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறாள். "காரில் அரை மணி என்று சொல்ல வாய் வரவில்லை, தூரம் என்று சொல்லிவிட்டேன்" என்றார். உஸ்பெக் அரசு அக்கரையோடு வியாபாரம் பேசுவதை நான் குறை சொல்லமாட்டேன், அக்கரை எங்கேயும் போய்விடாது, அவர்கள்தான் அதனோடு வாழ வேண்டும். ஆனால் அந்தப் பேச்சில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? வளாகத்து வேலிக்குள் மாவு மூட்டை வர முடிகிறது, அவள் வேலியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை.

ஞாயிறு, அங்கோர் பக்கம் ஒரு வயல்

ஓட்டுநரின் சித்தப்பா பருத்தியும் கோதுமையும் போடுகிறவர். மாதுளை, தர்பூசணி, ரொட்டி என்று விரித்துவிட்டார்கள். பேச்சு நேராகக் கால்வாய்க்குப் போனது. இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

கோஷ் தெப்பா கால்வாய். தெர்மேஸுக்கு மேலே, அக்கரையில் பால்க் மாகாணத்தில் கல்தார் என்ற இடத்தில் ஆற்றிலிருந்து பிரிகிறது. 285 கிலோமீட்டர் நீளம், சுமார் 100 மீட்டர் அகலம், ஐந்தரை லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம் என்று திட்டம். யோசனை பழையது, எழுபதுகளில் ஆப்கன் அதிபராக இருந்த தாவூத் கான் காலத்திலேயே பேசியது. முந்தைய அரசு காலத்தில் அமெரிக்க நிதியில் ஆய்வும் நடந்தது. மண்ணை வெட்ட ஆரம்பித்தது தாலிபான்தான், 2022 மார்ச்சில், வெளிநாட்டுக் கடன் இல்லாமல். 2023 அக்டோபருக்குள் முதல் கட்டம் 108 கிலோமீட்டர் முடிந்தது. பெரும்பாலும் வெறும் மணலில் வெட்டிய கால்வாய், கரைக்குப் பூச்சு இல்லை, எவ்வளவு தண்ணீர் நிலத்துக்குள் போய்விடும் என்று பொறியாளர்கள் தலையில் கை வைக்கிறார்கள். முழுதாக ஓடினால் அமு தரியாவில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம் என்பது பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு.

போர் நடந்த நாற்பது வருடமும் இந்தத் தண்ணீர் தடையில்லாமல் கீழே வந்துகொண்டிருந்தது. அக்கரையில் குண்டு விழுந்துகொண்டிருந்ததால் யாராலும் மண்வெட்டி எடுக்க முடியவில்லை. 1992 பிப்ரவரியில் சோவியத்திலிருந்து பிரிந்த ஐந்து நாடுகள் அல்மாத்தியில் கூடி, சோவியத் காலத்துப் பங்கையே தொடர்வது என்று முடிவு செய்தன. ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கரை முழுக்க இருக்கும் ஆப்கானிஸ்தான் அதில் இல்லை, அன்றைக்குக் காபூல் அரசே ஆடிக்கொண்டிருந்தது, யாரைக் கூப்பிடுவது? அப்படியே முப்பது வருடம் ஓடியது. அமெரிக்கா போனது, சண்டை நின்றது, சண்டை நின்றதும் முதலில் வெட்டியது கால்வாய். அக்கரை விவசாயிக்குத் தண்ணீரில் உரிமை இல்லை என்று என் வாயால் சொல்ல மாட்டேன். வறட்சியில் ஊரைவிட்டு ஓடிய பால்க் மக்கள் அவர்கள். ஆனால் அந்தச் சமாதானத்தின் செலவு ஆற்றின் கீழ்ப்பக்கத்துக்காரன் தலையில் விழுகிறது, அவனிடம் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்குக் கவலை இருக்கிறதா என்றேன். இந்தப் பக்கம் சுர்கான் ஆற்று நீரும் உண்டு, நாங்கள் சமாளிப்போம், கீழே கார்ஷிக்காரனை நினைத்தால்தான் பயம் என்றார். நியாயம்தான். கார்ஷிச் சமவெளிக்கு அமு தரியா நீரை நூறு மீட்டருக்கு மேல் உயரத்துக்கு, நிலையம் நிலையமாகப் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். ஆற்றில் மட்டம் இறங்கினால் பம்புக்கு வாய் எட்டாது. அதிபர் மிர்சியோயேவ் 2023 செப்டம்பரில் துஷான்பே மாநாட்டில், எந்தக் கடப்பாடும் இல்லாத புதுப் பங்காளி ஒருவர் ஆற்றுக்கு வந்திருக்கிறார் என்று வெளிப்படையாகவே பேசினார். இப்போது நாடு முழுக்க வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் பூசுகிறார்கள். வழியெல்லாம் அந்த வேலையைப் பார்த்தேன். பாதித் தண்ணீர் மண் வாய்க்காலில் உறிஞ்சிப் போவதை இத்தனை வருடம் விட்டுவைத்ததற்கு அக்கரையைக் குற்றம் சொல்ல முடியாது, இதையும் சித்தப்பாதான் சொன்னார்.

செவ்வாய், புகாரா

கார்ஷி வழியாகப் பங்கு டாக்சியில் வந்து சேர்ந்தேன். உடம்பு அலுப்பு. பெரிய பம்ப் நிலையங்கள் சாலையிலிருந்து தெரியவில்லை, கால்வாய் தெரிந்தது, அகலமாக, கலங்கலாக. நாளை ரயிலில் ஆற்றின் கீழ்க்கோடிக்கு.

வியாழன், நுகுஸ்

கரகல்பக்ஸ்தான், உஸ்பெகிஸ்தானின் வடமேற்குக் கோடி. ஆறு ஆரல் கடல் என்ற ஏரிக்குப் போய்ச் சேர வேண்டிய இடம். சரியாகச் சேர்வதில்லை, பல வருடமாக. பருத்திக்காக மாஸ்கோ திருப்பிய தண்ணீர் அது, 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்ததை உப்பு மண்ணாக்கியது. முய்நாக் போய், ஏரி வற்றி மணலில் நிற்கிற கப்பல்களைப் படம் எடுக்கிற சுற்றுலா வண்டிகள் விடுதி வாசலிலேயே நிற்கின்றன. நான் போகவில்லை, ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். தெர்மேஸில் பார்த்த அதே ஆறா இது? மணல் திட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று ஓடைகள், ஒருவர் வண்டியை ஓரம் கட்டி நடுவில் இறங்கி நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர்.

இரவு தங்குவது ஊருக்கு வெளியே ஒரு விவசாயி வீட்டில். வீட்டுக்கார அம்மா பள்ளி ஆசிரியை, கொஞ்சம் ஆங்கிலம் பேசுகிறார். என்னிடம் முதலில் கேட்டது, தெர்மேஸ் போனாயே, அந்தக் கால்வாயைப் பார்த்தாயா என்பதுதான். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, ஆனால் மேலே ஒருவர் ஒரு மடை திறந்தால் இங்கேதான் முதலில் காய்கிறது. சோவியத் போனதும் அமெரிக்கா போனதும் இவர்களுக்குத் தொலைக்காட்சிச் செய்தி. அக்கரை என்ற ஒன்றே இங்கே கண்ணுக்குத் தெரியாது.

முன்பு நெல் போட்ட நிலத்தில் இந்த ஆண்டு எள்ளும் சோளமும் போட்டிருக்கிறார்கள், நெல்லுக்குத் தண்ணீர் தருவதாக யாரும் உறுதி சொல்லவில்லை. மேலே கால்வாயின் மீதி வேலை நடந்துகொண்டிருக்கிறது, பங்கு இவ்வளவு என்று இரண்டு நாடும் கையெழுத்திட்ட காகிதம் ஒன்றும் இல்லை. மூத்த மகன் கஜகஸ்தானில் கட்டட வேலையில் இருக்கிறான். இளையவன் வரும் மார்ச் விதைப்பு வரை பார்ப்பானாம், வாய்க்காலில் முறைத் தண்ணீர் வராவிட்டால் அவனும் அண்ணனோடு போய்விடுவான் என்று அந்த அம்மா சொன்னார், இப்போதே டிக்கெட் விலை விசாரித்து வைத்திருக்கிறானாம்.